பயண ஒளிப்படக்கலை

பயண ஒளிப்படக்கலை என்பது, ஒருவர் தாம் செல்லும் இடங்களின் நிலத்தோற்றம், கட்டடங்கள், மக்கள், தொழில்கள், உணவு, விழாக்கள் முதலியவற்றை ஒளிப்படங்களாகப் பதிவு செய்யும் கலை ஆகும். இயற்கைக் காட்சி ஒளிப்படம், கட்டட ஒளிப்படம், உருவப்படம், தெரு ஒளிப்படம் எனத் தனித்தனியாக வழங்கும் பல துறைகள் இதில் ஒன்றுசேர்கின்றன. தொழில்முறைக் கலைஞர்கள் இத்துறையில் இருந்தாலும், இன்று எடுக்கப்படும் பயணப் படங்களில் மிகப் பெரும்பாலானவை பயிற்சி பெறாத ஆர்வலர்கள் எடுப்பவையே.

ஒளிப்பட நிலையத்தில் பணிபுரிபவர் ஒளியைத் தம் விருப்பப்படி அமைத்துக்கொள்ளலாம். பயணிக்கு அந்த வாய்ப்பு இல்லை. சென்ற நேரத்தில் இருக்கும் வெயில், வானிலை, கூட்டம் ஆகியவற்றைக் கொண்டே அவர் படம் எடுக்க வேண்டும். மேலும், படத்தில் பதிவாகும் இடமும் மக்களும் பெரும்பாலும் அவருக்கு அயலானவை. ஆகவே இக்கலையில் ஒளி, கருவி, காட்சியமைப்பு ஆகியவற்றைப் பற்றிய அறிவுடன், அனுமதி, சட்டம், பிறர் மதிப்பு ஆகியவை பற்றிய அறிவும் தேவைப்படுகிறது.

வரலாறு

டாகுவேரின் ஒளிப்பட முறை 1839 ஆம் ஆண்டு பாரிசில் வெளியிடப்பட்டது. அதே ஆண்டின் இறுதிக்குள் பிரெஞ்சு ஓவியரான ஒராசு வெர்னேயும் அவருடன் சென்றவர்களும் எகிப்தில் படம் எடுத்தனர். அக்காலத்தில் ஒளிப்படத்தை நேரடியாக நூலில் அச்சிட இயலாததால், லெரெபூர் என்னும் பதிப்பாளர் 1840களில் வெளியிட்ட பயணப்பட நூலில் ஒளிப்படங்களைப் பார்த்துச் செதுக்கப்பட்ட படங்களே இடம்பெற்றன. அவற்றில் மனித உருவங்கள் கையால் சேர்க்கப்பட்டிருந்தன. பயணப் படத்தைத் திருத்துவது பற்றிய விவாதம் இக்கலையின் தொடக்கக் காலம் அளவுக்குப் பழமையான சிக்கலைப் பற்றியது என்பதை இது காட்டுகிறது.

மாக்சிம் டியூ காம் என்னும் பிரெஞ்சு எழுத்தாளர் 1849 முதல் 1851 வரை எழுத்தாளர் கசுடாவ் புளோபேருடன் எகிப்து முதலிய நாடுகளில் பயணம் செய்தார். அவருடைய படங்கள் 1852 இல் நூலாக வெளிவந்தன. சிலைகளின் பேரளவைக் காட்டுவதற்காக, தம் படகில் பணிபுரிந்த ஹாஜி இஸ்மாயில் என்பவரை அவற்றின் மீது அமர்த்தி டியூ காம் படம் எடுத்தார். அவர் அசையாமல் இருக்க வேண்டும் என்பதற்காக, வில்லை பொருந்திய பித்தளைக் குழாயை ஒரு பீரங்கி என்றும், அசைந்தால் வெடிக்கும் என்றும் கூறி அச்சுறுத்தியதாக டியூ காமே எழுதியுள்ளார். ஆங்கிலேயரான பிரான்சிசு பிரித் 1856 முதல் 1860 வரை எகிப்திலும் பாலத்தீனப் பகுதிகளிலும் கண்ணாடித் தகடுகளில் படம் எடுத்தார். ஈரமான வேதிப்பூச்சு காய்வதற்குள் படமெடுத்துக் கழுவ வேண்டியிருந்ததால், கொதிக்கும் வெயிலில் இருட்டுக் கூடாரத்துக்குள் வேலை செய்ய நேர்ந்தது.

தமிழகத்தின் தொடக்ககால ஒளிப்படங்களுள் சிறப்பானவை லின்னேயசு டிரைப் என்னும் படை அதிகாரி எடுத்தவை. சென்னை மாகாண அரசின் ஒளிப்படக் கலைஞராக நியமிக்கப்பட்ட இவர், 1858 இல் திருவரங்கம், மதுரை, புதுக்கோட்டை, தஞ்சாவூர் ஆகிய ஊர்களில் கோயில்களையும் அரண்மனைகளையும் படம் எடுத்தார். தஞ்சைப் பெரிய கோயிலின் அடித்தளத்தில் உள்ள கல்வெட்டுகளை 21 படங்களாக எடுத்து ஒன்றோடொன்று ஒட்டி, ஏறத்தாழ 19 அடி நீளமுள்ள ஒரே படமாக ஆக்கினார். 1863 இல் இந்தியா வந்த சாமுவேல் போர்ன் இமயமலைக்கு மூன்று நெடும்பயணங்கள் மேற்கொண்டு படம் எடுத்தார். அவருடைய கருவிகளைச் சுமக்கப் பெருந்தொகையான கூலியாட்கள் தேவைப்பட்டனர்.

1888 இல் வெளிவந்த கோடாக் கருவி நூறு படங்களுக்கான சுருளுடன் விற்கப்பட்டது. படச்சுருள் முடிந்ததும் கருவியை நிறுவனத்துக்கு அனுப்பினால் அங்கேயே படங்களைக் கழுவிக் கொடுத்தனர். 1900 இல் ஒரு டாலர் விலையில் வந்த பிரௌனி கருவியால் ஒளிப்படம் சாதாரண மக்களின் பயணப் பையில் இடம்பிடித்தது. 1925 இல் அறிமுகமான லைகா கருவி 35 மி.மீ. சுருளைப் பயன்படுத்தியதால் கையடக்கமாக இருந்தது. 1975 இல் கோடாக் நிறுவனப் பொறியாளர் இசுடீவன் சாசன் முதல் எண்ணிம ஒளிப்படக் கருவியை உருவாக்கினார். 2000 ஆம் ஆண்டில் ஜப்பானில், எடுத்த படத்தை அனுப்பும் வசதியுடன் செல்பேசி விற்பனைக்கு வந்தது. இன்று பெரும்பாலான பயணிகளின் ஒளிப்படக் கருவி திறன்பேசியே ஆகும்.

ஒளி

பயணப் படம் ஒன்றின் தரத்தைத் தீர்மானிப்பதில் கருவியின் விலையைவிடப் படம் எடுக்கப்பட்ட நேரத்துக்கே பங்கு அதிகம். கதிரவன் உச்சியில் இருக்கும்போது ஒளி மேலிருந்து விழுவதால் மனிதரின் கண்குழிகளில் கருநிழல் படிகிறது. கட்டடங்களின் செதுக்கல்கள் தட்டையாகத் தெரிகின்றன. கதிரவன் தாழ்ந்திருக்கும்போது ஒளி பக்கவாட்டில் விழுவதால் சிற்பங்களின் மேடு பள்ளம் தெளிவாகிறது. ஒளி காற்று மண்டலத்தில் நீண்ட தொலைவு கடந்து வருவதால் நீலக்கூறு சிதறி, எஞ்சிய ஒளி பொன்னிறமாக அமைகிறது. இதனைப் பொன்வேளை என்பர். கதிரவன் மறைந்த பின்னும் தோன்றும் முன்னும் வானம் கருநீலமாக இருக்கும் சிறு பொழுது நீலவேளை எனப்படும். வானத்தின் ஒளியும் தெருவிளக்கின் ஒளியும் ஏறத்தாழச் சமமாக இருப்பதால் நகரக் காட்சிகளை எடுக்க இது ஏற்றது.

வெப்பமண்டல நாடுகளில் பொன்வேளை குறுகியது. சென்னையின் அகலாங்கில் கதிரவன் ஏறத்தாழச் செங்குத்தாக இறங்குவதால், தொடுவானத்துக்கு மேல் 6 பாகை உயரத்திலிருந்து மறைவதற்குச் சுமார் 25 நிமிடங்களே ஆகின்றன. இலண்டனில் சூன் மாதத்தில் இதே இறக்கத்துக்கு ஏறத்தாழ இரு மடங்கு நேரம் ஆகும். ஆகவே ஐரோப்பியர் எழுதிய கையேடுகளில் கூறப்படும் கால அளவுகளைத் தமிழகத்திலோ இலங்கையிலோ அப்படியே கொள்ள இயலாது. படம் எடுக்கும் இடத்தை முன்னரே தேர்ந்து, கதிரவன் மறைவதற்கு ஒரு மணி நேரம் முன்பே அங்கு இருப்பது நல்லது.

மேகமூட்டமான நாளும் பயனற்றது அன்று. மேகம் ஒளியைப் பரப்புவதால் நிழல்கள் மென்மையாகின்றன. உருவப்படம், சந்தை, காடு, அருவி ஆகியவற்றை எடுக்க அத்தகைய ஒளி ஏற்றது. நிறமற்ற வானத்தைச் சட்டகத்தில் குறைத்துக்கொள்வது மட்டும் தேவை. உச்சி வெயிலில் வேறு வழியில்லாதபோது மண்டபத் தாழ்வாரம், மரநிழல், கதவோரம் போன்ற இடங்களுக்கு மாறலாம்.

கட்டடங்கள் நோக்கும் திசை

பயணிகள் பெரும்பாலும் கவனிக்காத செய்தி, கட்டடம் எத்திசையை நோக்கியுள்ளது என்பதாகும். இதை நிலப்படத்தில் பார்த்து முன்னரே அறிந்துகொள்ளலாம். சில எடுத்துக்காட்டுகள்:

மாமல்லபுரம் பெரும்புடைப்புச் சிற்பத் தொகுதி: அருச்சுனன் தவம் என்றும் கங்கையின் இறக்கம் என்றும் கூறப்படும் இப்பாறை கிழக்கு நோக்கியது. காலை ஒளியில் உருவங்கள் தெளிவாகத் தெரியும். பிற்பகலில் முழுப் பாறையும் நிழலில் இருக்கும்.

தஞ்சைப் பெரிய கோயில்: கிழக்கு நோக்கியது. பிற்பகலில் கிழக்கு வாயில் வழியே நுழைபவருக்குக் கதிரவன் விமானத்தின் பின்னால் இருக்கும். முகப்பைக் காலையிலும், விமானத்தின் மேற்குப் பக்கத்தைத் திருச்சுற்றின் பின்புறத்திலிருந்து மாலையிலும் எடுக்கலாம்.

அங்கோர் வாட், கம்போடியா: பெரும்பாலான இந்துக் கோயில்களைப் போலன்றி மேற்கு நோக்கியது. விடியலில் கோபுரங்கள் கருநிழல் வடிவங்களாகவே தெரியும். கல்லின் நிறத்தையும் செதுக்கலையும் காட்ட விரும்புவோர் பிற்பகலில் செல்ல வேண்டும்.

அபு சிம்பெல், எகிப்து: கிழக்கு நோக்கியது. காலையில் பேருருவச் சிலைகள் மீது நேரொளி விழும்.

பெட்ரா, யோர்தான்: கருவூலம் எனப்படும் குடைவரை முகப்பு குறுகிய மலைப்பிளவின் முடிவில் உள்ளதால், முற்பகலில் சிறிது நேரமே நேர்வெயில் பெறும்.

தாச்சு மகால், ஆக்ரா: தோட்டமும் தலைவாயிலும் தெற்கே உள்ளன. குளிர்காலத்தில் கதிரவன் தென்வானில் செல்வதால் முகப்பு பகலில் நெடுநேரம் ஒளி பெறும். யமுனை ஆற்றின் மறுகரையில் உள்ள மெக்தாப் தோட்டத்திலிருந்து வடபுறத் தோற்றத்தைக் கூட்டமின்றி எடுக்கலாம்.

முழுநிலவு நாளில் கதிரவன் மறையும் நேரத்தை ஒட்டி எதிர்த்திசையில் நிலவு எழும். அப்போது நிலத்திலும் ஒளி எஞ்சியிருப்பதால், நிலவையும் கட்டடத்தையும் ஒரே படத்தில் விவரம் குன்றாமல் பதிவு செய்ய முடியும்.

கருவியும் அமைப்புகளும்

ஒளிப்படக் கருவியின் உணரியில் விழும் ஒளியின் அளவை வில்லையின் துளை அளவும், மூடி திறந்திருக்கும் நேரமும் கட்டுப்படுத்துகின்றன. ஒளியுணர்திறன் அல்லது ஐ.எஸ்.ஓ. எண் என்பது அவ்வொளி எவ்வளவு பெருக்கிக் காட்டப்படுகிறது என்பதைக் குறிக்கும். இம்மூன்றும் ஒன்றையொன்று சார்ந்தவை.

துளை அளவு: எஃப் 2.8, 4, 5.6, 8, 11, 16 என எண்களால் குறிக்கப்படுகிறது. எண் கூடக்கூடத் துளை சிறிதாகும். ஒவ்வொரு படியிலும் ஒளி பாதியாகக் குறையும். சிறிய துளையில் அருகிலுள்ளவையும் தொலைவிலுள்ளவையும் தெளிவாக இருக்கும். பெரிய துளையில் பின்னணி மங்கும்.

மூடிவேகம்: ஓடும் பேருந்தையோ ஆடுபவரையோ உறைந்த நிலையில் காட்ட 1/500 நொடி அல்லது அதைவிடக் குறைந்த நேரம் தேவை. அருவி நீர் பட்டுப்போல வழிவதாகக் காட்ட அரை நொடி போன்ற நீண்ட நேரமும், கருவியை அசையாமல் நிறுத்த முக்காலியும் தேவை.

ஐ.எஸ்.ஓ. எண்: வெயிலில் 100 அல்லது 200 போதும். இருண்ட இடங்களில் இதை உயர்த்தினால் படத்தில் மணல் தூவியது போன்ற புள்ளிகள் கூடும். எனினும் புள்ளிகள் உள்ள தெளிவான படம், புள்ளிகளற்ற குலுங்கிய படத்தைவிட மேலானது.

ஒளிமானி இல்லாத காலத்திலிருந்து வழங்கும் எளிய விதி ஒன்று உண்டு. தெளிந்த வெயிலில் துளையை எஃப் 16 இல் வைத்து, மூடிவேகத்தை ஐ.எஸ்.ஓ. எண்ணின் தலைகீழாக வைக்க வேண்டும். அதாவது ஐ.எஸ்.ஓ. 100 எனில் ஏறத்தாழ 1/100 நொடி. கையில் பிடித்து எடுக்கும்போது மூடி திறந்திருக்கும் நேரம், வில்லையின் குவியத் தூரத்தின் தலைகீழைவிட நீளக்கூடாது என்பது மற்றொரு விதி. 200 மி.மீ. வில்லைக்கு 1/200 நொடி என்பது இதன் பொருள். அதிர்வைத் தடுக்கும் வசதி உள்ள கருவிகளில் இதைவிடச் சற்று நீண்ட நேரமும் வைக்கலாம்.

கருவியில் உள்ள தானியங்கி ஒளிமானி, தன்முன் உள்ள காட்சி நடுத்தரச் சாம்பல் நிறம் கொண்டது எனக் கருதியே கணக்கிடுகிறது. ஆகவே பனிமலை, வெண்மணல், வெண்பளிங்கு ஆகியவை படத்தில் சாம்பல் நிறமாக மங்கிவிடுகின்றன. கருங்கல் சிற்பமும் யானையும் வெளிறிப்போகின்றன. வெண்ணிறக் காட்சிகளுக்கு ஒளியளவை ஒரு படி கூட்டியும், கருநிறக் காட்சிகளுக்கு ஒரு படி குறைத்தும் இதைச் சரிசெய்யலாம். திறன்பேசிகளில் திரையில் காட்சியைத் தொட்டு, தோன்றும் குறியை மேலும் கீழும் நகர்த்தினால் இதே பயன் கிடைக்கும்.

திறன்பேசியால் எடுத்தல்

திறன்பேசியின் முதன்மை வில்லை அகலக் கோணம் உடையது. திரையில் இரு விரல்களால் பெரிதாக்கும்போது, தொலைநோக்கு வில்லை இல்லாத கருவிகளில் படத்தின் நடுப்பகுதி வெட்டிப் பெரிதாக்கப்படுகிறதே தவிரப் புதிய விவரம் எதுவும் சேர்வதில்லை. எனவே இயன்றவரை நடந்து அருகில் செல்வது சிறந்தது. விரல் கறையும் வியர்வையும் படிந்த வில்லை படத்தை மூடுபனி போல் மங்கச் செய்யும். படம் எடுக்கும் முன் மென்மையான பருத்தித் துணியால் துடைப்பது மிக எளிய, மிகுந்த பயன் தரும் பழக்கம் ஆகும்.

பிளாஷ் ஒளியின் வலிமை தொலைவு இரு மடங்கானால் நான்கில் ஒரு பங்காகக் குறையும். ஆகவே தொலைவில் உள்ள மேடையையோ மலையையோ அது எட்டாது. முன்வரிசையில் இருப்போரின் தலைகளை மட்டும் வெளுப்பாகக் காட்டும். மாறாக, வெயிலைப் பின்னால் வைத்து நிற்பவரின் முகத்தில் படியும் நிழலை நீக்கப் பகலில் பிளாஷ் பயன்படுகிறது.

காட்சியமைப்பு

பயணப் படங்களில் பரவலாகக் காணப்படும் குறை, எல்லாவற்றையும் ஒரே படத்தில் அடக்க முயல்வதாகும். கண் ஒரு நேரத்தில் ஒன்றையே கூர்ந்து நோக்கும். கருவி அனைத்தையும் சமமாகப் பதிவு செய்யும். படத்தின் பொருள் எது என்பதை ஒரு சொல்லில் கூற முடியாவிட்டால் அப்படம் பார்ப்பவருக்கும் விளங்காது.

மூன்றில் ஒரு பங்கு விதி: சட்டகத்தை நெடுக்கிலும் கிடையிலும் மூன்றாகப் பிரித்து, முதன்மைப் பொருளைக் கோடுகள் சந்திக்கும் இடத்தில் வைப்பர். இச்சொல்லாட்சி 1797 இல் ஜான் தாமசு சிமித் என்னும் ஆங்கில ஓவியர் எழுதிய நூலில் காணப்படுகிறது. இது ஒரு வழிகாட்டியே. கோபுரம், குளத்தில் விழும் எதிருரு போன்ற சமச்சீர்க் காட்சிகளுக்கு நடுவில் வைப்பதே பொருந்தும்.

முன்னணி: மலையையோ கடலையோ மட்டும் எடுத்தால் ஆழம் தெரிவதில்லை. அருகில் ஒரு படகு, பாறை, மரக்கிளை ஆகியவற்றுள் ஒன்றைச் சேர்த்தால் தொலைவு உணரப்படும்.

அளவு: பெரிய கட்டடத்தின் அருகே ஒரு மனிதர் இருந்தால் அதன் உயரம் விளங்கும். டியூ காம் எகிப்தில் கையாண்டது இவ்வுத்தியே.

தொடுவானம்: கடலும் ஏரியும் சாய்ந்திருந்தால் கண்ணை உறுத்தும். திரையில் கட்டக் கோடுகளைத் தோன்றச் செய்தால் இதைத் தவிர்க்கலாம்.

பின்னணி: நிற்பவரின் தலைக்கு மேல் மின்கம்பமோ பெயர்ப்பலகையோ முளைத்தது போல் தோன்றாதபடி எடுப்பவர் ஓரடி நகர்ந்தால் போதும்.

உயரம்: பெரும்பாலான படங்கள் நின்ற நிலையில், கண் உயரத்தில் எடுக்கப்படுகின்றன. குழந்தைகளைக் குனிந்தும் சந்தையை மாடியிலிருந்தும் எடுத்தால் படத்தில் மாற்றம் தெரியும்.

ஓர் ஊரை ஒரே படத்தால் சொல்ல இயலாது. ஊரின் முழுத்தோற்றம், தெரு அல்லது கட்டடம், அங்கு வாழும் மனிதர், கைத்தொழில் அல்லது உணவு போன்ற நுண்விவரம் என நான்கு அளவுகளில் எடுக்கப்பட்ட சில படங்கள் சேர்ந்து அவ்வூரைக் காட்டும். இதழ்களில் வெளியாகும் படக்கட்டுரைகள் இம்முறையில் அமைகின்றன.

மனிதரைப் படம் எடுத்தல்

மனிதரை மிக அருகிலிருந்து அகலக் கோண வில்லையால் எடுத்தால் மூக்கு பெரிதாகவும் காதுகள் சிறிதாகவும் தோன்றும். ஓரிரு மீட்டர் தள்ளி நின்று 50 முதல் 100 மி.மீ. வரையுள்ள வில்லையால் எடுத்தால் முகம் இயல்பாக அமையும்.

இதைவிட முதன்மையானது ஒப்புதல் ஆகும். மொழி தெரியாத ஊரிலும் கருவியைக் காட்டிப் புன்னகையுடன் தலையசைத்துக் கேட்க முடியும். மறுப்பவரை எடுக்கக்கூடாது. குழந்தைகளை எடுக்கப் பெற்றோரின் ஒப்புதல் தேவை. நோயுற்றோர், துயரத்தில் இருப்போர், நீராடுவோர், ஈமச்சடங்கு செய்வோர் ஆகியோரை எடுப்பது, சட்டம் தடுக்காத இடத்திலும் அவர்களைப் புண்படுத்தும். எடுத்த படத்தைத் திரையில் அவர்களுக்குக் காட்டுவதும், அனுப்புவதாகச் சொன்னால் தவறாமல் அனுப்புவதும் நன்மரபு.

ஆப்கானியப் பெண் என்னும் பெயரில் அறியப்படும் படம் இதற்குத் தக்க எடுத்துக்காட்டு ஆகும். 1984 இல் பாக்கிசுத்தானில் இருந்த ஓர் ஏதிலிகள் முகாமில் இசுடீவ் மெக்கரி எடுத்த இப்படம், 1985 சூன் மாத நேசனல் சியாகிரபிக் இதழின் அட்டையில் வெளிவந்து உலகப் புகழ் பெற்றது. ஆனால் படத்தில் இருந்த சிறுமியின் பெயர் பதிவு செய்யப்படவில்லை. 2002 இல் அவரைத் தேடிக் கண்டறிந்த பின்னரே சர்பத் குலா என்னும் அவர் பெயர் உலகுக்குத் தெரிந்தது. உலகம் முழுவதும் பார்த்த அப்படத்தை அதுவரை அவர் பார்த்ததில்லை. படம் எடுக்கப்பட்டவரின் பெயரையும் ஊரையும் குறித்துக்கொள்வது படத்தின் மதிப்பைக் கூட்டுவதோடு, அவரை வெறும் காட்சிப்பொருளாகக் கருதாமல் இருப்பதற்கும் உதவும்.

தடைகளும் சட்டமும்

அந்தமான் தீவுகளில் சாரவா முதலிய பழங்குடியினரைப் படம் எடுப்பது சட்டப்படி குற்றம் ஆகும்.

இலங்கையின் சிகிரியாவில் பாறை ஓவியங்களைப் படம் எடுக்க அனுமதி இல்லை.

ஜப்பானின் கியோத்தோ நகரில் கியோன் பகுதியின் தனியார் தெருக்களில் படம் எடுக்க 2019 இல் தடை விதிக்கப்பட்டது. கெய்சா கலைஞர்களைப் பயணிகள் துரத்திப் படம் எடுத்ததே இதற்குக் காரணம்.

ஆத்திரேலியாவின் உலுரு பாறையில் சில பகுதிகள் அனங்கு மக்களுக்குப் புனிதமானவை. அவற்றைப் படம் எடுக்க வேண்டாம் என அங்கு அறிவிக்கப்பட்டுள்ளது.

தமிழ்நாட்டுக் கோயில்களுக்குள் செல்பேசி பயன்படுத்தத் தடை விதிக்குமாறு சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 2022 திசம்பரில் உத்தரவிட்டது.

தாச்சு மகாலின் கல்லறை மண்டபத்துக்குள் படம் எடுக்கக்கூடாது.

இந்தியாவின் 1957 ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டம், கட்டடங்களையும் பொது இடத்தில் நிலையாக வைக்கப்பட்டுள்ள சிற்பங்களையும் படம் எடுத்து வெளியிட இடமளிக்கிறது. எல்லா நாடுகளிலும் இவ்வாறு இல்லை. பாரிசில் உள்ள ஈபெல் கோபுரத்தைப் பகலில் எடுத்த படத்தைத் தடையின்றி விற்கலாம். அதன் இரவு விளக்கு அலங்காரம் பதிப்புரிமைக்கு உட்பட்டது என்பதால் அப்படத்தை வணிக நோக்கில் வெளியிட ஒப்புதல் தேவை. பல நாடுகளில் படைத்துறை நிலையங்கள், எல்லைச் சாவடிகள் முதலியவற்றைப் படம் எடுப்பது கைதுக்கும் வழிவகுக்கும். ஆளில்லா வானூர்தியால் எடுப்பதற்கு ஒவ்வொரு நாட்டிலும் தனி விதிகள் உள்ளன. இந்தியாவில் 2021 ஆம் ஆண்டின் விதிகள் நடைமுறையில் உள்ளன.

கருவியைப் பேணல்

குளிரூட்டிய அறையிலிருந்தோ பேருந்திலிருந்தோ ஈரப்பதம் மிக்க வெளிக்காற்றுக்குக் கருவியைக் கொண்டுவந்தால், குளிர்ந்த வில்லையின் மீது நீர்த்துளிகள் படியும். கருவியை இறுக மூடிய நெகிழிப் பையில் வைத்து வெளியே கொண்டுவந்து, வெளி வெப்பநிலையை அடைந்த பின் பையைத் திறந்தால் இது நேராது. கடற்கரையில் உப்புத்துளிகளும் மணலும் கருவியைக் கெடுக்கும். அங்கு வில்லையைக் கழற்றி மாற்றக்கூடாது. மலைப்பகுதியின் குளிரில் மின்கலத்தின் ஆற்றல் விரைவில் குறையும். மாற்று மின்கலத்தைச் சட்டையின் உட்பையில் உடற்சூட்டில் வைத்துக்கொள்வது வழக்கம்.

தெரிவும் திருத்தமும்

பயணம் முடிந்ததும் நூற்றுக்கணக்கான படங்களையும் பிறருக்குக் காட்டுவதைவிட, அவற்றுள் இருபதைத் தெரிவு செய்து காட்டுவது நன்று. ஒரே காட்சியின் பல படிகளில் சிறந்த ஒன்றை மட்டும் வைத்துக்கொள்ளலாம். தம் படங்களில் எவை நன்றாக அமையவில்லை, ஏன் அமையவில்லை எனக் காண்பதே ஆர்வலருக்குச் சிறந்த பாடம் ஆகும். படக்கோப்பில் துளை அளவு, மூடிவேகம், நேரம் ஆகியவை தாமாகவே பதிவாகியிருப்பதால் இவ்வாய்வு எளிது.

சாய்வை நேராக்குதல், ஓரங்களை வெட்டுதல், ஒளியையும் நிறத்தையும் சரிசெய்தல் ஆகியவை பொதுவாக ஏற்கப்படும் திருத்தங்கள். காட்சியில் இருந்ததை நீக்குவதும் இல்லாததைச் சேர்ப்பதும் ஆவணத் தன்மையைக் கெடுக்கும். 1982 பெப்ரவரி மாத நேசனல் சியாகிரபிக் இதழின் அட்டையில், நெடுக்கான வடிவத்துக்குப் பொருந்துவதற்காக கீசா பிரமிடுகள் கணினி மூலம் நெருக்கி வைக்கப்பட்டன. இது பெரும் கண்டனத்துக்கு உள்ளானது. செயற்கை நுண்ணறிவால் பொருள்களை நீக்கவும் சேர்க்கவும் திறன்பேசியிலேயே இயலும் இக்காலத்தில், அத்தகைய படத்தை வெளியிடுவோர் திருத்தத்தைக் குறிப்பிடுவது தேவையாகிறது.

படங்களைக் காப்பதற்கு 3-2-1 எனப்படும் விதி உண்டு. மூன்று படிகள், இரு வேறு வகைச் சேமிப்பு ஊடகங்கள், அவற்றுள் ஒன்று வேறு இடத்தில் என்பது இதன் பொருள். பயணத்தின்போதே ஒவ்வோர் இரவும் படங்களை இரண்டாம் இடத்தில் படியெடுத்து வைத்தால், கருவி களவு போனாலும் படங்கள் எஞ்சும்.

ஒளிப்படமும் நினைவும்

படம் எடுப்பதால் நினைவு குறைகிறதா என்னும் வினாவும் ஆராயப்பட்டுள்ளது. அமெரிக்க உளவியலாளர் லிண்டா என்கெல் 2014 இல் வெளியிட்ட ஆய்வில், அருங்காட்சியகப் பொருள்களைப் படம் எடுத்த மாணவர்கள், அவற்றை வெறுமனே பார்த்தவர்களைவிடக் குறைவாகவே நினைவில் வைத்திருந்தனர். ஆனால் பொருளின் ஒரு பகுதியை நெருக்கிப் படம் எடுத்தவர்களிடம் இக்குறைவு காணப்படவில்லை. கவனித்து எடுப்பதற்கும் கவனியாமல் எடுப்பதற்கும் உள்ள வேறுபாட்டை இது சுட்டுகிறது. ஓர் இடத்தை முதலில் கண்ணால் சுற்றிப் பார்த்துவிட்டு, பிறகு கருவியை எடுக்குமாறு ஆசிரியர்கள் கூறும் அறிவுரை இதனுடன் ஒத்துப்போகிறது.

ஆவண மதிப்பு

ஆர்வலரின் பயணப் படம் பிற்காலத்தில் எதிர்பாராத மதிப்பைப் பெறக்கூடும். ஆப்கானித்தானின் பாமியானில் இருந்த பேருருவப் புத்தர் சிலைகள் 2001 மார்ச்சில் தகர்க்கப்பட்டன. சூரிச்சு தொழில்நுட்பக் கழக ஆய்வாளர்கள் 1970 இல் அளவீட்டுக்காக எடுக்கப்பட்ட படங்களைக் கொண்டு பெரிய சிலையின் முப்பரிமாண வடிவத்தைக் கணினியில் மீட்டுருவாக்கினர். இணையத்தில் கிடைத்த பயணிகளின் படங்களையும் இதற்குப் பயன்படுத்திப் பார்த்தனர். ஈராக்கின் மோசுல் அருங்காட்சியகத்தில் 2015 இல் அழிக்கப்பட்ட தொல்பொருள்களின் வடிவங்களும், முன்பு அங்கு சென்றவர்கள் எடுத்த படங்களைத் திரட்டி உருவாக்கப்பட்டன. 2015 ஏப்ரல் நிலநடுக்கத்தில் காத்மாண்டுவின் தராகரா கோபுரமும் பல கோயில்களும் இடிந்த பின், அவற்றின் பழைய தோற்றத்தைக் காட்டுபவை படங்களே.

இத்தகைய பயன்பாட்டுக்கு அழகான ஒரு படத்தைவிட, ஒரு பொருளைச் சுற்றி வந்து பல கோணங்களில் எடுத்த, ஒன்றோடொன்று மேற்படியும் தெளிவான படங்கள் மிகுதியாக உதவுகின்றன. நாள், இடம், காட்சியின் பெயர் ஆகியவற்றைக் கோப்புடன் எழுதி வைத்தால், படம் எடுத்தவரை அறியாதவருக்கும் அது பயன்படும்.